வளன் கதையும் யாத்திரிகன் வழியும்

நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. கனவு காண்கிறார், எழுந்திருக்கிறார், மனைவியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குப் புறப்படுகிறார். காணாமற்போன பன்னிரண்டு வயது மகனை எருசலேம் கோவிலில் கண்டுபிடித்த நேரத்திலும் பேசுவது தாய்தான். அதற்குப் பிறகு அவர் கதையில் வருவதேயில்லை.

சூசையப்பர் திருவிழாவான மார்ச் 19 நெருங்கும்போதெல்லாம் எனக்கு இது பெரிய சிக்கல். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அன்றைய புனிதரின் கதையைச் சொல்லியாக வேண்டும். பெங்களூரில் என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் படிப்பவர்கள். தமிழ் அவர்களுக்கு வீட்டிலும் கோவிலிலும் கேட்கிற மொழி, படிக்கிற மொழியல்ல. கதை காது வழியாகப் போனால்தான் உண்டு. பேசாத ஒருவரின் கதையைக் காதுக்கு எப்படிக் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இரண்டு பெரிய நூல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தொடங்கினேன். ஒன்று, வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணி. மற்றது, எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம். முதல் நூல் மூன்று காண்டம், 36 படலம், 3,615 பாடல். இரண்டாவது ஐந்து பருவம், 3,700க்கும் மேற்பட்ட பாடல். ‘நற்போதகம்’ என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து 1894 மே மாதத்தில் நூலானது. இரண்டையும் கிறித்தவக் காப்பியங்கள் என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். கதையை எங்கிருந்து எடுத்தார்கள், எடுத்த கதையை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்த்திசையில் நடப்பது தெரியும்.

இருவருமே விவிலியத்திலிருந்து நேராகக் கதையை எடுக்கவில்லை. இது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. முனிவர் எடுத்தது ஸ்பெயின் நாட்டு ஆகிரெதா ஊரைச் சேர்ந்த மரியா என்ற கன்னித் துறவி எழுதிய நூலிலிருந்து. அவர் வாழ்ந்த காலம் 1602 முதல் 1665 வரை. தாம் தியானத்தில் கண்டதாக அவர் எழுதிய மாதாவின் வாழ்க்கை வரலாறு, அவர் இறந்த பிறகு 1670இல் வெளிவந்தது. 1681இல் ரோமில் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் ஏறியது. சில மாதங்களிலேயே அந்தத் தடை நிறுத்திவைக்கப்பட்டது. கிருஷ்ண பிள்ளை எடுத்தது ஜான் பனியன் என்ற ஆங்கிலேயரின் கதையை. பாத்திரங்களுக்கு ஈயம் பூசி, ஓட்டை அடைத்துப் பிழைத்தவர் பனியன். அரசு அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் பல ஆண்டுகள் கிடந்தவர். அவருடைய கதை 1678இல் வெளிவந்தது. தமிழ்ச் சபைகளில் அதன் உரைநடை வடிவம் ‘மோட்சப் பிரயாணம்’ என்ற பெயரில் வீட்டுக்கு வீடு இருந்த காலம் ஒன்று உண்டு.

ஆக, ஒருவருக்கு மடத்துக்குள் அடைந்திருந்த ஒரு பெண்ணின் கதை கிடைத்தது. இன்னொருவருக்குச் சிறைக்குள் அடைந்திருந்த ஓர் ஆணின் கதை கிடைத்தது. அவை கைக்கு வந்த விதமும் வேறு. முனிவர் இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்து, முப்பது வயதில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர். கதை அவரோடு வந்தது. தமிழை அவர் இங்கே வந்து கற்றார். கிருஷ்ண பிள்ளை 1827இல் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கரையிருப்பில், கம்பராமாயணம் ஒலித்த வைணவ வீட்டில் பிறந்தவர். தமிழ் அவரோடு பிறந்தது. கதை பிறகு வந்து சேர்ந்தது. 1858இல் சொந்த ஊரை விட்டுத் தள்ளிச் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

முனிவர் செய்த முதல் காரியம், விவிலியம் வாய்மூடியிருக்கும் இடங்களைக் கண்டுபிடித்தது. பேசாத சூசையப்பரைத் தலைவராக்கினாரே, அதுவே பெரிய துணிச்சல். அதைவிட எனக்குப் பிடித்தது கருணையன் கதை. திருமுழுக்கு யோவானுடைய பிள்ளைப் பருவத்தைப் பற்றி லூக்கா ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்: குழந்தை வளர்ந்தது, பாலைநிலத்தில் இருந்தது. அவ்வளவுதான். ஒரு குழந்தை எப்படிக் காட்டுக்குப் போனது, யார் கூட்டிப்போனார்கள், யார் சோறு போட்டார்கள் என்ற கேள்வி எந்தத் தாய்க்கும் வரும். தேம்பாவணியில் எலிசபெத் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு காட்டில் வாழ்கிறாள், அங்கேயே இறந்துபோகிறாள். சிறுவன் தனியாக நின்று தாயை அடக்கம் செய்கிறான். பூப்படுக்கை விரித்து, உடலை மண்ணுக்குள் வைத்து, அதன்மேல் மலரோடு கண்ணீரையும் சொரிகிறான். மழை பொய்த்து, மணி பிடிக்கும் முன்பே காய்ந்துபோன இளம்பயிர் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அவன் அழுகைக்குக் காட்டு மரங்களும் பறவைகளும் கூட அழுகின்றன. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு படித்த பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி பாடமாகவே வந்திருக்கிறது. எல்லை தாண்டி இங்கே வளரும் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை.

அந்தப் பெயரைக் கவனியுங்கள்: கருணையன். யோவான் என்ற எபிரேயப் பெயருக்குக் கடவுள் கருணை காட்டினார் என்பது பொருள். யோசேப்பு என்றால் அவர் மேலும் கூட்டித் தருவார், அதுதான் வளன். பெயரை ஒலிபெயர்த்துச் சூசை என்று நிறுத்திக்கொள்ளாமல், அதற்குள் புதைந்து கிடந்த பொருளைத் தோண்டியெடுத்துத் தமிழாக்கினார் முனிவர். அந்தச் சொல் காப்பியத்தோடு நின்றுவிடவும் இல்லை. திருச்சியில் தூய வளனார் கல்லூரி இருக்கிறது. வளன் என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள்.

கிருஷ்ண பிள்ளைக்கு இந்த வேலை இல்லை. பனியன் கதையில் பெயர்கள் எல்லாமே வெளிப்படையான பொருள் உடையவை. நம்பிக்கை என்று ஒருவன், விசுவாசம் என்று ஒருவன், வீண்பெருமைக்கு ஒரு சந்தை, அவநம்பிக்கைக்கு ஒரு சேற்றுக்குழி. அவற்றைத் தமிழில் சொல்வது எளிது. கதையில் மூடிய இடமும் இல்லை. அழியப்போகும் ஊரிலிருந்து ஒருவன் முதுகில் சுமையோடு புறப்படுகிறான், வழியில் படாத பாடெல்லாம் பட்டு முத்திநகர் சேர்கிறான். தொடக்கமும் முடிவும் கட்டி முடிக்கப்பட்ட வீடு போன்ற கதை. அந்த வீட்டுக்குள் தனக்கென்று ஓர் அறையைக் கட்டுவதுதான் அவருக்கு இருந்த வேலை.

அவர் அதைக் கட்டிய இடம் சிலுவை. பனியன் கதையில் யாத்திரிகன் சிலுவையடிக்கு வருகிறான். முதுகுச் சுமை தானாகக் கழன்று உருண்டு, பக்கத்திலிருக்கும் கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சிலுவையில் தொங்கியவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்று பனியன் சொல்வதில்லை. அவருடைய வாசகர்கள் தொட்டில் முதல் அந்தக் கதையைக் கேட்டவர்கள், சொல்லத் தேவையில்லை. திருநெல்வேலியில் நிலைமை வேறு. கம்பனைக் கேட்டு வளர்ந்த ஒருவர் யாத்திரிகத்தைக் கையில் எடுத்தால், சிலுவை என்ற சொல் மட்டும் அவருக்கு என்ன தரும்? அதனால்தான், என்று நினைக்கிறேன், கிருஷ்ண பிள்ளை குமார பருவத்தில் இரட்சணிய சரிதப் படலத்தை வைத்து, இயேசுவின் பாடுகளை முழுக்கச் சொல்கிறார். கட்டுண்டு நிற்கும் அவரை ஊரார் பழிக்கிறார்கள். அவர் எதிர்ச்சொல் சொல்வதில்லை. பார்த்து நிற்கும் அன்பர்கள் நெஞ்சு வெடித்துக் கேட்கிறார்கள்: இந்தப் பூமி ஏன் இன்னும் பிளக்கவில்லை, வானம் ஏன் இடிந்து விழவில்லை, கடல் ஏன் வற்றவில்லை என்று. முனிவர் பேசாத மனிதருக்குப் பேச்சைக் கொடுத்தார். இவர் பேசாமல் நின்ற இயேசுவை அப்படியே நிற்கவிட்டுச் சுற்றி நின்றவர்களைப் பேச வைத்தார்.

எங்கள் தெருவில் பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி இருந்தார். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். நான் யாத்திரிகம் படிப்பது தெரிந்ததும், “எங்க ஐயா ராத்திரி சாப்பிட்ட பிறவு அதப் பாடுவாவ, தம்பி. சிலுவப்பாடு வந்துட்டுன்னா வீட்ல ஒருத்தரும் மூச்சு விடமாட்டோம்” என்றார். பாட்டு அவருக்கு நினைவில் இல்லை. அந்த அமைதி நினைவில் இருந்தது.

காப்பியம் என்றாலே கற்றவருக்கு என்று ஒரு எண்ணம் உண்டு. இரண்டு பேருமே அதை உணர்ந்திருந்தார்கள். முனிவர் தேம்பாவணி எழுதிய அதே கையால் கித்தேரியம்மாள் அம்மானையும் எழுதினார். கித்தேரி போர்த்துக்கீசியப் புனிதை. கதை வெளிநாட்டுக் கதைதான். அம்மானையோ நம் பெண்கள் காய் தூக்கிப் போட்டு விளையாடிக்கொண்டே பாடிய வடிவம். பெரிய படிப்பு வேண்டாம், காது இருந்தால் போதும். கிருஷ்ண பிள்ளை காவியத்தை விட்டு வெளியே போகாமல் அதற்குள்ளேயே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களை வைத்தார். நடந்து களைத்த யாத்திரிகன் நின்று பாடுவது போல அவை வருகின்றன. கதையை மறந்தவர்களும் அந்தப் பாட்டுகளை மறக்கவில்லை. சைவர் தேவாரம் என்பார்கள். வைணவராகப் பிறந்தவர் அந்தப் பெயரைக் கிறித்துவுக்கான பாட்டுக்கு வைத்தார். இதை வெறும் சாமர்த்தியம் என்று என்னால் கடந்து போக முடியவில்லை. அழுகைக்கும் நன்றிக்கும் அவருக்குத் தெரிந்த வடிவம் அதுதான்.

நிலத்தைப் பாடும்போதும் இருவருக்கும் உள்ள வேறுபாடு தெரிகிறது. தேம்பாவணி நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பன் வழியில்தான் தொடங்குகிறது. யூதேயா நாட்டில் காவிரிக்கரை போல வயலும் வளமும் செழிக்கின்றன. எருசலேமைச் சுற்றியுள்ள வறண்ட குன்றுகளைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது பொருந்தாமல் தோன்றலாம். கேட்பவன் கால் வைத்து நிற்க ஒரு மண் வேண்டும். முனிவர் தமக்குத் தெரிந்த கொள்ளிடக் கரை மண்ணைக் கொடுத்தார். நூல் முடியும் இடத்திலும் முடிசூட்டுப் படலம் இருக்கிறது. இங்கே முடி சூடுகிறவர் தச்சர், அரியணை விண்ணகத்தில். தச்சு வேலை செய்தவருக்கு முடிசூட்டு விழா என்று சொன்னதும் என் வகுப்பில் ஆசாரி வேலை பார்க்கிறவர் மகன் ஒருவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

யாத்திரிகத்தின் மண் வழிதான். ஊர் என்று எதுவும் நிலையாக இல்லை. அதனால் அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது எனக்கு ஓடவில்லை. சேற்றுக்குழியும் அரக்கனும் வரும்வரை கேட்டார்கள், அறிவுரை வந்ததும் கலைந்தார்கள். வீட்டுச் செபக்கூட்டத்தில் பெரியவர்களிடம் அதையே சொன்னபோது நிலைமை வேறாக இருந்தது. வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்தும் வேலூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் மூட்டையோடு இந்த ஊருக்கு இறங்கியவர்கள் அவர்கள். மனைவி பிள்ளைகளை விட்டு, காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனின் கதை அவர்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிந்தது.

இந்த ஊரே அப்படி உருவானதுதானே. சிவாஜிநகர் மாதா கோவிலின் தொடக்கம் செஞ்சிப் பக்கத்திலிருந்து குடிவந்த தமிழ்க் கிறித்தவர்கள் போட்ட கூரைக் கோவில். காணிக்கை மாதா என்று பெயர். இப்போது நிற்கும் கோபுரக் கோவில் 1882இல் முடிந்தது. 1973இல் பசிலிக்கா ஆனது. செப்டம்பர் 8ஆம் தேதித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி வரும் கூட்டத்தில் கன்னடமும் தமிழும் கலந்து கேட்கும். மாதா சேலை கட்டி நிற்பாள். கூரை போட்டவர்கள் மூட்டையில் கதைகளும் இருந்திருக்கும். மைசூர்ப் பகுதியில் நெடுங்காலம் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் பிரெஞ்சில் பெயர்த்து 1826இல் பாரிசில் வெளியிட்டார். வெளிநாட்டுக் கதை தமிழுக்கு வந்த வழியிலேயே தமிழ்க் கதையும் வெளிநாடு போயிருக்கிறது.

இரண்டு நூலிலும் நான் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகிற பகுதிகள் உண்டு. இருவரும் சமய வாதங்கள் சூடாக நடந்த காலத்தவர்கள். கம்பன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து அவனுடைய சந்தத்தையும் உவமையையும் உரிமையோடு எடுத்துக்கொண்டவர்கள், அந்த வீட்டுத் தெய்வத்தை மட்டும் ஏற்கவில்லை, மறுத்தும் பேசினார்கள். அந்தப் பகுதிகளை இன்று அப்படியே எடுத்துச் சொன்னால், மாலையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போகிற என் பிள்ளைகளுக்கு நான் கொடுப்பது கதையாக இருக்காது.

இதே பெங்களூரில் குக் டவுன் பகுதியில் இருக்கும் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தை 1967இல் தொடங்கி நடத்தியவர் தமிழ்க் குருவான து.ச. அமலோர்பவதாஸ். குத்துவிளக்கும் ஆரத்தியும் தரையில் அமர்வதும் திருப்பலிக்குள் வர 1969இல் ரோமின் இசைவு கிடைத்தபோது, அந்த மாற்றங்களை நாடெங்கும் கொண்டுபோனதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. 1974 டிசம்பரில் அங்கே ஓர் ஆய்வரங்கம் கூட்டினார். பிற சமய மறைநூல்களுக்கும் கிறித்தவ வழிபாட்டுக்கும் என்ன உறவு, அவற்றை அங்கே வாசிக்கலாமா என்பதே பொருள். காப்பியப் புலவர்கள் இருவரும் வடிவத்தை மட்டும் கடன் வாங்கி நிறுத்திக்கொண்ட இடத்திலிருந்து இவர் மேலே போனார்: அடுத்த வீட்டுக் கதைக்குள்ளேயே கடவுளின் குரல் இருக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பல எதிர்ப்புகள் எழுந்தன. என் அளவில், அவர் கேட்டது சரி என்றே நம்புகிறேன். கருணையன் தாயை அடக்கம் செய்த கதையைச் சொல்லும்போது, தாயின் சிதைக்கு முன்னால் நின்று பாடிய பட்டினத்தாரைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடிவதில்லை. இரண்டு துறவிகள், இரண்டு தாய்கள். எல்லாவற்றையும் விட்டவர்கள் தாயை விட முடியாமல் நின்ற இடம் அது. பிள்ளைகள் இரண்டு கதையையும் ஒரே மூச்சில் கேட்டார்கள்.

எந்த நூல் சிறந்தது என்று என்னைக் கேட்டால், கதை தேடுகிறவனாக நான் முனிவரிடம்தான் முதலில் போவேன். மறைநூலில் ஒரு வாக்கியம் முடிந்த இடத்தில் நின்று, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. முதல் முறை கருணையன் கதையைச் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, “சார், இது பைபிள்ல எங்க இருக்கு?” என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து கதையைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: இது லூக்கா சொன்னது, இது முனிவர் சொன்னது. கிருஷ்ண பிள்ளையிடம் இந்த எச்சரிக்கை அவ்வளவு தேவைப்படாது. யாத்திரிகன் நடப்பது கனவுக்குள் என்று கேட்பவருக்குத் தெரியும். பாடுகளின் கதையில் அவர் நற்செய்திகளின் பாதையை விட்டு அதிகம் விலகுவதும் இல்லை. நெஞ்சு கனத்த நேரத்தில் எனக்கு வேண்டியிருப்பது அவருடைய பாட்டுத்தான்.

சென்ற ஆண்டு சூசையப்பர் திருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு, முந்தின வாரம் கேட்ட கதையைச் சொல்லச் சொன்னேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். கன்னடச் சொற்கள் நடுநடுவே கலந்து, கருணையன் கதையைச் சொன்னாள். காடு வந்தது, அம்மா இறந்தது வந்தது, பூ தூவியது வந்தது. கடைசியில், “அம்மாவ பொதச்ச எடத்துல அவன் ஒரு செடி நட்டான். தெனமும் தண்ணி ஊத்துனான்” என்றாள்.

செடி முனிவர் பாட்டில் இல்லை. ஸ்பெயின் துறவியின் நூலிலும் இருக்காது. அது யார் சொன்னது என்று கேட்டேன்.

“நடாம இருப்பானா, சார்?” என்றாள்.